மூன்றாம் ஓலை

என் தங்கையைப் பார்த்து யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். சொன்னது யார் என்றெல்லாம் பார்க்க மாட்டேன். போதகராக இருக்கட்டும், சொந்த அத்தையாக இருக்கட்டும், "எதுக்குப் பாவம்? அவளுக்கு இன்னா கொறச்சல்?" என்று கேட்டுவிடுவேன். அரசுப் பெண்கள் பள்ளியில் அவள் உயிரியல் ஆசிரியை. இந்த ஊரில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு போகிற பெண்களில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள், ரோட்டில் பார்த்தால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வணக்கம் சொல்கிறார்கள். வேங்கிக்காலில் சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு கட்டினாள். கட்டும்போது மேஸ்திரியிடம் ஒருநாள்கூட அவள் சண்டை போடவில்லை, அவளுக்கும் சேர்த்து நானே போட்டேன். கல்யாணம் ஆகவில்லை, அவ்வளவுதான். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஊர் பாவம், பாவம் என்கிறது.

அவளைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக எனக்கு ஆசை. ஆபீசில் இருந்தவரை அடுத்தவர் சொன்னதையே தட்டச்சு செய்து காலம் போய்விட்டது. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இனி நான் சொல்வதை நானே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் சபையில் ஒரு பெண்ணுக்கும் பையனுக்கும் கல்யாணம் நிச்சயமானால், அதை மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பார்கள். அதற்கு ஓலை வாசிப்பது என்று பேர். பனையோலையெல்லாம் கிடையாது, வெறும் காகிதம்தான், பழைய பேர் அப்படியே நின்றுவிட்டது. பெண் இன்னார் மகள், பையன் இன்னார் மகன், இவர்கள் சேர்வதற்கு நியாயமான தடை யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லலாம் என்று போதகர் கேட்பார். கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். அந்த நேரத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. இருமல் வந்தால்கூட அடக்கிக்கொள்வோம். மூன்றாம் ஓலையும் தாண்டிவிட்டால் கல்யாண வீட்டுக்காரர்கள் மூச்சு விட்டுவிட்டுப் புடவை எடுக்கக் கிளம்புவார்கள்.

என் தங்கையின் மூன்றாம் ஓலையில் ஒரு அம்மாள் எழுந்து நின்றார்.

அப்போது அவர் சபையில் பெண்கள் சங்கத்துச் செயலாளர். எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவர். ஜெபக் கூட்டமா, அறுப்பின் பண்டிகையா, யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று அவர்தான் சொல்வார். அன்றைக்கு முன்வரிசையில் எழுந்து, நடுங்குகிற குரலில், ஆனால் கடைசி பெஞ்சு வரை கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஐயா, எனக்கு ஒரு தடை தெரியும். இந்தப் பொண்ணு மதம் மாறிட்டா. ஒரு இந்துக்காரரோட இவளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு. நெத்தி நெறைய விபூதி, கால்ல செருப்பு இல்ல, அவரோட ஜோடியா மலை சுத்திக்கிட்டு இருந்தா. என் கண்ணால பாத்தேன்."

அவர் பார்த்தது நிஜம். அதுதான் கொடுமை. அப்போது என் தங்கை கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த புதிது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டத்துக்கு முதலுதவி செய்ய அடி அண்ணாமலையில் ஒரு பந்தல் போட்டு, அந்தப் பள்ளியிலிருந்து பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் அனுப்பியிருந்தார்கள். மறுநாள் காலையிலும் திதி இருந்ததால் ஜனம் நடந்துகொண்டே இருந்தது. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு பெண்மணி வெயிலில் மயங்கி விழுந்தார். என் தங்கை அவரைத் தூக்கி உட்காரவைத்து, உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்து, காலைப் பிடித்துவிட்டாள். கண் விழித்த அந்தப் பெண்மணி மடியிலிருந்த விபூதியை எடுத்து, தெலுங்கில் ஏதோ சொல்லி ஆசீர்வதித்து, இவள் நெற்றியில் அழுத்திப் பூசிவிட்டார். அவர் எதிரில் அழிக்க இவளுக்கு மனசு வரவில்லை. பந்தல் ஓரத்தில் கழற்றி விட்டிருந்த செருப்பை யாரோ மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வேலை முடிந்ததும், கூட வந்த பி.டி. மாஸ்டர் ஆட்டோ பிடித்துக் கொடுக்க இவளோடு நடந்து வந்தார். எதிரில் வந்த பஸ்ஸின் ஜன்னலில் நம் செயலாளரம்மா.

வேறு ஊராக இருந்தால், செருப்பு அறுந்துவிட்டது போல என்று நினைத்திருப்பார்கள். எங்கள் ஊரில் பௌர்ணமியில், அந்தப் பாதையில், வெறுங்காலோடு, விபூதியோடு, ஒரு ஆணின் பக்கத்தில் ஒரு பெண் நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அம்மாள் போட்ட கணக்கை நம்மூரில் யாரும் போட்டிருப்பார்கள். ஆனால் போட்ட கணக்கை ஒரு தடவை வந்து கேட்டுச் சரிபார்த்திருக்கலாமே! எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ரெண்டு தெருதான். வாய் எதற்கு இருக்கிறது?

மாப்பிள்ளை வீட்டார் வேலூரிலிருந்து வந்து வலப்பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே போனார்கள். மாப்பிள்ளை மட்டும் வாசலில் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தார். என் தங்கை எழுந்து, "ஐயா, நான் மாறல, நான் சொல்றத கேளுங்க" என்றாள். யார் கேட்டார்கள்? சபை முழுக்க ஒரே இரைச்சல். அப்பா தலை குனிந்தவர் நிமிரவே இல்லை.

விசாரணை நடந்தது. பி.டி. மாஸ்டர், பெரிய மனிதர், தன் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு போதகர் வீட்டுக்கே வந்து நடந்ததைச் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிறு போதகர், தடை உண்மையல்ல என்று அறிவித்தார். அறிவித்து என்ன? வேலூரிலிருந்து, "பேர் அடிபட்டுப் போச்சு, வேணாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த வரன்களும் ஓலை நின்றுபோன கதையைக் கேட்டதும் காபியைக் குடித்துவிட்டுப் போனார்கள். வாங்கி வைத்த கல்யாணப் புடவையை என் தங்கை எனக்குத் தெரியாமல் தடவிப் பார்ப்பாள். அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். வருஷக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாள் வந்து மன்னிப்புக் கேட்கவே இல்லை. பதவியை விட்டுவிட்டார். முன்வரிசையிலிருந்து, கதவோரம் இருக்கிற கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். வெட்கப்படுகிறார் என்று என் தங்கை சொன்னாள். திமிர் என்று நான் சொன்னேன்.

எனக்கும் அவருக்கும் பேச்சு அன்றோடு அறுந்தது. என் பக்கத்திலிருந்து அதை நான் நல்ல முறையில் பராமரித்து வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் இருக்கிற ஜெபக் கூட்டத்துக்கு நான் போக மாட்டேன். அவர் கொண்டுவந்த அதிரசத்தைத் தொட மாட்டேன். பரமண்டல ஜெபத்தில், மற்றவர்களை மன்னிப்பதாகச் சொல்கிற அந்த வரி வரும்போது வாயை மூடிக்கொண்டுவிடுவேன். செய்யாததைச் செய்தேன் என்று ஆண்டவரிடமே எப்படிச் சொல்வது? பக்கத்தில் நிற்கிற என் தங்கை முழங்கையால் இடிப்பாள். நான் கல் மாதிரி நிற்பேன். மன்னிப்பைப் பற்றிப் போதகர்கள் மணிக்கணக்காகப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். நன்றாகத்தான் பேசினார்கள், ஆனால் அவர்களில் ஒருவருடைய ஓலையையும் யாரும் நிறுத்தவில்லை.

என் தங்கை வேறு மாதிரி. ஓலை நின்றதற்கு அடுத்த ஞாயிறே ஆராதனை முடிந்ததும் நேராக அந்தக் கடைசி பெஞ்சுக்குப் போய், "தோத்திரங்க" என்று வணக்கம் சொன்னாள். அந்த அம்மாள் காதில் விழாத மாதிரி வெளியே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உனக்குச் சூடு சொரணை இருக்குதா இல்லையா?" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அடுத்த ஞாயிறும் போய்ச் சொன்னாள். அதற்கு அடுத்த ஞாயிறும். அவர் பதில் சொன்னதே இல்லை. இவளும் நிறுத்தினதே இல்லை. பிறகு பிறகு நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன். எனக்குத்தான் தொண்டை வலித்தது.

காலம் போயிற்று. இவளுக்கு டவுனுக்கே மாறுதல் கிடைத்தது. பாருங்கள், அந்த அம்மாளின் ஒரே பெண் இவள் வகுப்பில் வந்து சேர்ந்தாள். நான் சும்மா இருக்க முடியாமல், "பிராக்டிகல்ல மார்க்க கொஞ்சம் கம்மி பண்ணிப் போடேன்" என்றேன். என் தங்கை சிரித்து, "அது என் வேலைக்கா, வெளையாடாத" என்றாள். அந்தப் பெண்ணுக்கு உயிரியல் வரவில்லை என்று மாலையில் வீட்டுக்கு வரச் சொல்லி மற்றப் பிள்ளைகளோடு உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அந்த அம்மாள் பெண்ணை ஸ்கூட்டியில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிடுவார். வீட்டு வாசல் வரை வர மாட்டார். நான் மாடியில் துணி எடுக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். பெண் உள்ளே போகிற வரை அங்கேயே நின்றுகொண்டு இருப்பார். பிறகு போவார்.

அந்தப் பெண் படித்து, நர்ஸாகி, வேலைக்கும் போனாள். சமீபத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை ஆரணி. எங்கள் சபையில் முதல் ஓலை வாசித்தார்கள், இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். இரண்டு தடவையும் அந்த நிறுத்தத்தில் சபை ஜனம் என் தங்கையைத்தான் ஓரக்கண்ணால் பார்த்தது. இவள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் ஓலைக்கு முதல் நாள், சனிக்கிழமை மத்தியானம். நான் வேங்கிக்காலில் தங்கை வீட்டில் இருந்தேன். அவளிடம் படித்த ஒருத்தி அனுப்பிய மல்லாட்டையை, எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பேர், அவித்து, உரித்துத் தின்றுகொண்டிருந்தோம். வாசலில் ஒரு அம்மாளும், அவருடைய தம்பி என்று ஒருவரும் வந்து நின்றார்கள். ஆரணியிலிருந்து வருகிறார்களாம். மாப்பிள்ளையின் அம்மாவும் தாய்மாமனும்.

உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். அந்த அம்மாள் சுற்றி வளைக்கவில்லை.

"டீச்சர், பொண்ணு உங்ககிட்ட படிச்சவன்னு சொன்னாங்க. நீங்க நல்லவங்கன்னும் சொன்னாங்க. அதான் உங்ககிட்ட கேட்டுட்டுப் போலாம்னு வந்தோம். ரெண்டு ஓலை வாசிச்ச அப்புறம் ஒருத்தர் ஒரு சங்கதி சொல்றாருங்க. பொண்ணோட அம்மா ஒரு காலத்துல சபையில எழுந்து நின்னு, இல்லாததச் சொல்லி, ஒரு பொண்ணோட கல்யாணத்தையே நிறுத்திட்டாங்களாமே. அந்தப் பொண்ணுக்கு அப்புறம் கல்யாணமே ஆகலையாம்."

"அப்படிப்பட்ட வீட்ல சம்பந்தம் வச்சா, நாளைக்கு எங்க வீட்டப் பத்தி இன்னா பேசுவாங்களோன்னு பயமா இருக்குதுங்க" என்றார் தாய்மாமன். "அந்தப் பொண்ண நேர்ல பாத்துக் கேட்டுடலாம்னு பாக்கறோம். அவங்க சொல்றத வச்சித்தான் நாளைக்கு ஓலை வாசிக்கச் சொல்றதா, நிறுத்தச் சொல்றதான்னு முடிவு பண்ணணும். யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

என் வாயில் மல்லாட்டை. உள்ளுக்குள் மத்தாப்பு கொளுத்தினது போல் இருந்தது. எத்தனை வருஷமாகக் காத்திருந்தேன்! நாங்கள் தேடிப் போகவில்லை, தானாக வீட்டு வாசலுக்கு வந்து கேட்கிறார்கள். ஒரு வார்த்தை போதும். பொய்கூட வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொன்னாலே போதும். நான் அவசர அவசரமாக மென்று விழுங்கிவிட்டு, "அத நான் சொல்றேங்க" என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, காபி போடேன்" என்றாள் என் தங்கை.

குரலை உயர்த்தவில்லை. ஆனால் வகுப்பில் கடைசி பெஞ்சில் பேசுகிற பிள்ளைகளைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். பால் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டேன்.

"அந்தப் பொண்ணு நான்தாங்க" என்றாள்.

தாய்மாமன் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தது கேட்டது.

"ஐயோ, டீச்சர்" என்றார் அந்த அம்மாள். "எங்களுக்குத் தெரியாதுங்க. தப்பா நெனைக்காதீங்க."

"இதுல தப்பா நெனைக்க என்னங்க இருக்குது? நீங்க கேட்டது நல்லது. அவங்க பொய் சொல்லலைங்க. என்னப் பாத்தாங்க, பாத்ததச் சொன்னாங்க. பாத்ததுக்கு அர்த்தத்த அவங்களே வச்சிக்கிட்டாங்க. ஒரு தரம் எங்கிட்ட வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கல. அவங்க பண்ண தப்பு அது ஒண்ணுதான். அது பெரிய தப்புதாங்க, சின்னதுன்னு நான் சொல்ல மாட்டேன். எங்கப்பா அதுல உடைஞ்சே போயிட்டாரு."

"அப்புறம் எப்படிங்க அந்த வீட்ல…"

"நீங்க அவங்களயா மருமகளா எடுக்கறீங்க? பொண்ணக் கேளுங்க, சொல்றேன். படபடன்னு பேசுவா. கோவம் சட்டுனு வரும், சட்டுனு போயிடும். சமையல் அவ்வளவா வராது. தேர்வுல பக்கத்துப் பொண்ணு காமிச்சாகூட எழுத மாட்டா, தெரியாததத் தெரியாதுன்னு விட்டுட்டு வந்துடுவா. எனக்கு ஒரு பையன் இருந்திருந்தா நானே கேட்டிருப்பேங்க."

எனக்கு ஒரு பையன் இருந்திருந்தால். அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! எனக்குத்தான் அடுப்பில் பால் வைத்தது மறந்துபோயிற்று. பால் பொங்கி வழிந்தது.

"அவங்க மேல உங்களுக்குக் கோவமே இல்லையா டீச்சர்?" என்று அந்த ஆரணி அம்மாள் கேட்டார்.

"இருந்துதுங்க. ஜாஸ்தியாவே இருந்துது. ஆனா அவங்க பொண்ணு நல்லா இருக்கக் கூடாதுன்னு நான் ஒரு வார்த்த சொல்லிட்டு, நாளைக்கு ஆண்டவர் முன்னாடி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்? எனக்கு அவரு மன்னிச்சது கொஞ்சமா நஞ்சமா?"

மிச்சப் பாலில் காபி போட்டுக் கொண்டுபோனேன். குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வாசலில் அந்த அம்மாள் என் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெபத்துல வச்சிக்குங்க டீச்சர்" என்றார். ஓலை வாசிக்கச் சொல்லப் போகிறார்களா, நிறுத்தப் போகிறார்களா, அதைச் சொல்லவில்லை.

கேட்டைச் சாத்தியதும் நான் ஆரம்பித்தேன். "நீ இன்னா மனுஷியா, மரக்கட்டையா? உன் வாழ்க்கையே போச்சு. அவ பொண்ணுக்கு நீ சர்டிபிகேட் குடுக்கற! உனக்கு வலிக்கவே இல்லையாடி?"

தரையில் சிதறிக் கிடந்த மல்லாட்டைத் தோலை அவள் கூட்டிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு.

"வலிக்கலன்னு யாருக்கா சொன்னது? நீ நெனைக்கற மாதிரி ஒரே நாள்ல மன்னிச்சிட்டு நிம்மதியா தூங்கிட்டேன்னு நெனைச்சியா? தெனம் செய்யறேன். காலைல எழுந்து பல்லு தேய்க்கற மாதிரி தெனம் செய்யறேன். கல்யாணப் பத்திரிக வீட்டுக்கு வந்தா அன்னிக்கு மறுபடியும் செய்யறேன். என்னால முடியல ஆண்டவரே, நீங்களே என்ன வச்சி செய்ங்கன்னு அழுதுகிட்டே செஞ்ச நாளெல்லாம் இருக்குது. அத இன்னிக்கு ரெண்டு பேரு வந்து கேட்டாங்கன்னு வீணாக்கச் சொல்றியா?"

இவள் சாது, இவளுக்கு இயற்கையிலேயே ரோஷம் கம்மி என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். சாதுவாம் சாது! நான் ஆபீசில் எத்தனையோ அதிகாரிகளை எதிர்த்து நின்றிருக்கிறேன், என்னைத் தைரியசாலி என்பார்கள். இவள் ஒருவருக்கும் தெரியாமல் தினம் தன்னையே எதிர்த்து நின்று ஜெயித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகை பாதி, பெருமை பாதி.

மறுநாள் ஞாயிறு. ஆராதனைக்குக் கோயில் நிறைந்திருந்தது. நம்மூரில் ஒரு சங்கதி பரவ எவ்வளவு நேரமாகும்? ஆரணிக்காரர்கள் டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, டீச்சர் என்ன சொன்னாள் என்பது மட்டும் தெரியவில்லை. ஆரணிக்காரர்கள் வந்திருந்தார்கள். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணப் பெண் பாடகர் குழுவில் நின்றாள். அவள் அம்மா, கதவோரம், கடைசி பெஞ்சில் தனியாக இருந்தார். கணவர் தவறி வருஷமாகிவிட்டது.

போதகர் புதியவர், வந்து சில மாதம்தான் ஆகிறது, பழைய கதை எதுவும் தெரியாது. மூன்றாம் ஓலையை வாசித்தார். நியாயமான தடை யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லலாம் என்றார். நிறுத்தினார்.

என் தங்கை திரும்பிக் கதவோரம் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

சபை முழுக்க ஒரு சலசலப்பு. பாடகர் குழுவில் அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்து "ஆண்டவரே" என்று ஒரு குரல் கேட்டது, அது அந்த அம்மாளின் குரல். தங்கை எழுந்தால் கூடவே எழுகிற பழக்கத்தில் நானும் எழுந்துவிட்டேன். ரெண்டு பேரும் நின்றதும் ஜனத்துக்குக் கொஞ்சம் நஞ்சம் இருந்த சந்தேகமும் போய்விட்டது. போதகர் கண்ணாடியைக் கழற்றி, "சொல்லுங்கம்மா" என்றார்.

"ஒண்ணும் இல்லைங்க ஐயா. எடம் மாறி உக்காரப் போறேன். நீங்க வாசிங்க" என்றாள் என் தங்கை.

பெஞ்சை விட்டு வெளியே வந்து நடுப்பாதையில் பின்னோக்கி நடந்தாள். நானும் பின்னால் போனேன். கடைசி பெஞ்சில் போய் அந்த அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவளுக்கு அடுத்து, ஓரத்தில் உட்கார்ந்தேன். அந்த அம்மாளின் முகத்தை நான் பக்கத்தில் பார்த்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது! கிழவியாகிவிட்டிருந்தார். உதடு கோணிக்கொண்டு போயிற்று, தலைத்துணியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்திருந்தார். எங்கே தன் பெண்ணுக்கும் அப்படியே நடந்துவிடுமோ என்று மூன்று ஞாயிறும் இந்த மூலையில் இப்படித்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். என் தங்கை அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தடை ஒன்றும் இல்லை என்று போதகர் சொல்லி முடித்தார். பாடகர் குழு பாட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்துக்குள்தான் அந்த அம்மாள் வாயைத் திறந்தார். வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"டீச்சரம்மா… என்ன மன்னிச்சிடும்மா. கேக்கணும் கேக்கணும்னு ஒவ்வொரு வாரமும் வருவேன். நீ வந்து தோத்திரம் சொல்லுவ. எனக்கு வாயே வராது, ஓடிப் போயிடுவேன். இப்பவாவது என்ன மன்னிச்சிடும்மா."

என் தங்கை அவர் பக்கம் குனிந்தாள். "அத நான் எப்பவோ குடுத்துட்டேங்க" என்றாள். "நீங்கதான் வந்து வாங்கிக்காம இருந்துட்டீங்க."

அந்த அம்மாள் உடைந்துபோய் அவள் தோளில் சாய்ந்துவிட்டார். முன்னாலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும் என்று நான் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். பாவம், பாவம் என்றீர்களே, யாரைச் சொன்னீர்கள்? வந்து பாருங்கள், இது என் தங்கை. இந்தக் கோயிலில் கட்டிய நாள் முதல் நடந்த பிரசங்கத்தையெல்லாம் ஒரு பெண் எழுந்து நடந்தே சொல்லிவிட்டாள், அவள் என் கூடப் பிறந்தவள்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தங்கையைத் தாண்டி என்னைப் பார்த்தார். "பெரியம்மணி, நீங்க?" என்றார்.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. என் தங்கையைப் போல் அழகாகச் சொல்ல எனக்கு வராது. தினம் பழகியவள் அவள், நான் ஒருநாள்கூடச் செய்து பார்க்காதவள். அவர் முகத்தைப் பார்த்தால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"சரி, விடுங்க" என்றேன்.

அவ்வளவுதான் வந்தது. என் தங்கை ஆராதனை நடக்கிறது என்றும் பார்க்காமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.